பனி மாறிச்சா?

ஜப்பானில் இருக்கிற எல்லாருக்கும் வருடத்தில் நாலு மாசம் காய்ச்சல் அடிக்கும் என்று நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். மனிதர்களுக்கு மட்டும் இல்லை. அங்கே கூரைக்குக் காய்ச்சல், பாலத்துக்குக் காய்ச்சல், மூங்கிலுக்குக் காய்ச்சல். தண்டவாளத்துக்குக் காய்ச்சல் வந்தால் ரயில் நின்றுவிடும். இப்படி ஒரு பாவப்பட்ட நாடு எப்படி ரேடியோ செய்து உலகத்துக்கெல்லாம் விற்கிறது என்று படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். அடுத்தவர் சிரித்து முடியக் காத்திருப்பதுதான் என் பிழைப்பே. லைட்டும் சவுண்டும் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், கோவில் கொடை, கிளப் ஆண்டுவிழா என்று எங்கே பெட்டி இறக்கினாலும் மைக்கையும் நானே பிடித்து நாலு தமாசு சொல்லுவேன்.

பாறசாலைப் பக்கம் வளர்ந்த நம்ம வயசுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பனி என்றால் காய்ச்சல். "பிள்ளைக்குப் பனியாக்கும், இண்ணைக்கு ஸ்கூலுக்கு வரமாட்டான்" என்றால் உடம்பு கொதிக்கிறது என்று அர்த்தம்; பனி மாறிச்சு என்றால் காய்ச்சல் விட்டது என்று. விடிகாலையில் புல்லின்மேல் கிடப்பது மஞ்ஞு. தமிழ்ப் புத்தகத்துப் பனி வேறே என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பரீட்சையில் ஜப்பானின் தட்பவெப்பம் கேட்டார்கள். 'அங்கு நான்கு மாதங்கள் கடுமையான பனி இருக்கும். மக்கள் மிகவும் துன்பப்படுவார்கள்' என்று எழுதினேன். நாகர்கோவில் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த சார் முழு மார்க்கும் போட்டு, பக்கத்தில் 'நன்று' என்றும் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு என் நம்பிக்கையை யார் அசைக்க முடியும்?

ஜப்பானை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தது அத்தை. அப்பாவின் ஒரே தங்கை.

அத்தைக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தது. நடக்கப் பழகி, கைகொட்டி, என்னை 'ண்ணா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்த பருவம். மழைக்காலத்தில் பனி வந்தது. ஒரே ராத்திரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் தேடிக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மாமா வடக்கே வேலைக்குப் போனவர் போனவர்தான். அத்தை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்த அன்றைக்கே அப்பா அம்மாவையும் என்னையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. இனி இந்த வீட்டுல பனிங்கிற வாக்கு எடுக்கப்பிடாது. யாருக்கு வந்தாலும் சூடுண்ணு சொன்னா போதும். மனசிலாச்சா?"

"பிள்ளைய பத்தி அவளே வாயத் தொறந்தா?" என்று அம்மா கேட்டாள்.

"பேச்ச மாத்து. அவ மறக்கட்டும்."

நெய்யாற்றின்கரையில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார் அப்பா. எந்தத் துயரத்தையும் ஒரு ஆர்டர் போட்டால் அடக்கிவிடலாம் என்ற ஆபீஸ் நம்பிக்கை அவருக்கு இருந்தது. அவருக்குத் தங்கைமேல் உயிர். அதனால்தான் அந்த ஆர்டர். இப்போது யோசித்தால் எனக்கு அவர்மேல் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது.

அத்தையின் தகரப் பெட்டியில் நாலு சேலைக்கு நடுவே ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. பேனாக்கூடு மாதிரி ஒரு கறுப்புக் கூடு, திருகினால் திறக்கும். மத்தியானம் வீடு அமர்ந்திருக்கும்போது அத்தை அதை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் லேசாக உருட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அதே பதமாகக் கூட்டுக்குள் வைப்பாள். ஒரு நாள் நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே வெள்ளிக் கோடு சிவப்பு அடையாளத்தையும் தாண்டி மேலே ஏறி நின்றது.

"அத்தை, இதுக்கே சூடா?"

"ஆமா மக்கா. இதுக்கு மாறவே இல்ல," என்றாள். "நீ தொடாதே."

நான் அந்தக் கண்ணாடிக் குச்சிக்காக மனதுக்குள் இரக்கப்பட்டேன். எனக்கு வயது எட்டோ ஒன்பதோ. புத்தி அதைவிடக் கொஞ்சம் இளையது.

ஊர் வாசகசாலையில் அப்போது பெண்களுக்குப் புத்தகங்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேடினார்கள். செயலாளர் அப்பாவுக்கு வேண்டியவர். அத்தைக்கு மலையாளமும் தமிழும் ஒரேபோல வாசிக்க வரும். துணிப்பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு, குடையும் பிடித்துக்கொண்டு, வீடுவீடாக நடந்தாள். நடந்தால் மறப்பாள் என்பது அப்பாவின் கணக்கு.

ஜூனில் பிடிக்கிற இடவப்பாதி மழையில் எனக்குச் சூடு வந்தது. ஆர்டர்படி சூடுதான். ஒரு பிள்ளை போன வருடத்துக்கு அடுத்த வருடம், அதே மழை. அத்தை புத்தகம் கொடுக்கப் போயிருந்தாள். அம்மா தகரப் பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்ததைப் பார்த்துப் பழகியவள். மணிக்கட்டைச் சுழற்றி நாலு உதறு உதறி என் நாக்குக்கு அடியில் வைத்தாள். காய்ச்சலிலும் அம்மாவைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நர்ஸம்மா மாதிரியே இருந்தாள்.

அத்தை வந்தபோது குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மடக்கக்கூட இல்லை. என் வாயிலிருந்த குச்சியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெல்ல உருவி எடுத்து, ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"உதறினியளா மைனி?"

"பின்ன? உதறாம வச்சா பழைய சூடுல்லா காட்டும்," என்றாள் அம்மா.

"ஓ," என்றாள் அத்தை. குச்சியைக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, "அது சரிதான்," என்றாள்.

என் நெற்றியில் கை வைத்தாள். குடை பிடித்த கை, ஐஸ் மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. என் எச்சில் பட்டதால்தான் அத்தைக்கு வருத்தம் என்று முடிவு செய்த நான், எழுந்து நடக்க முடிந்ததும் தெர்மாமீட்டரைத் துணி சோப்புப் போட்டு நுரைவரத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அவள் கையில் கொடுத்தேன்.

"நல்ல வெளுத்திருச்சு மக்கா," என்றாள்.

என் மகள் பிறந்து, அவளுக்கு முதல் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மணிக்கட்டைச் சுழற்றி உதறிய அந்த நேரத்தில்தான் அம்மா உதறிய 'பழைய சூடு' யாருடையது என்று எனக்குள் விழுந்தது. வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். நர்ஸ், இந்த அப்பன் ஊசியைக் கண்டு பயந்துவிட்டான் என்று நினைத்திருப்பாள்.

நான் தெர்மாமீட்டரைக் கழுவிக் கொடுத்ததற்கு அடுத்து வந்த நாட்களில்தான் அத்தை ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மெலிந்த மலையாளப் புத்தகம். அட்டையில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. ஒரு ஜப்பான் கவிஞரின் கவிதைகள், முன்னால் அவருடைய வாழ்க்கைக் கதை. வாசகசாலையில் அதை யாரும் எடுத்ததே இல்லையாம்.

அத்தை அடுக்களைப் படியில் உட்கார்ந்து அந்த மனிதரின் கதையை எங்களுக்குச் சொன்னாள். வடக்கே, கடலோரத்தில், ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் டிக்கெட் கிழிக்கிற குமாஸ்தா. சம்பளம் கொஞ்சம், நெஞ்சில் சீக்கு. ஊரில் மற்றவர்கள் நீளநீளமாகப் பாட்டுக் கட்டிய காலத்தில் இவர் அஞ்சே வரி எழுதினார். ஒரே ஒரு மகள். ஒரு குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். மனைவி தாய்வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவர் ஸ்டேஷனில் பார்த்ததை மட்டும் எழுதினார். மணி, விளக்கு, யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை. சின்ன வயதிலேயே செத்தும் போனார். இப்போது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருடைய கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லுகிறார்களாம்.

"இவரு அழுது கரையமாட்டாரு மைனி. பாத்தத சொல்லிட்டு ஒரு ஓரமா நிப்பாரு. நாமதான் பின்ன..." என்று சொல்லிவிட்டு அத்தை நிறுத்திக்கொண்டாள்.

ஒவ்வொன்றாக அவள் தமிழில் எழுதினாள். எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். அவள் சொல்லிச் சொல்லி எனக்கும் சிலது பாடமாகிவிட்டது.

கூரைமேல் பனி
பாலத்தின்மேல் பனி
நேற்று நீ நடந்த இடம் எது என்று
தெரியாதபடிக்கு
பனி.

நான் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தேன். ஆர்டர் என்னாயிற்று? எனக்கு இந்த வார்த்தைக்காக எத்தனை கிள்ளு கிடைத்திருக்கிறது! அப்பா அங்கேதான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரே சந்தோஷம். தங்கை வாய்திறந்து பேசுகிறாள், அதுவும் ஜப்பானைப் பற்றி.

"ஏட்டி, அங்க எப்பவும் பனிதானா?"

"ஆமா அண்ணா. அங்க பனிக்கு ஒரு கொறவும் இல்ல."

"குளிருமே பாவங்களுக்கு!"

அம்மா மட்டும் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தாள். மறுபடி துருவினாள். அந்த மழைக்காலம் முழுக்க அத்தை எங்கள் அடுக்களையில் பனி, பனி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சத்தமாக, மெதுவாக, இட்லித்தட்டைக் கழுவிக்கொண்டே. மெலிந்த கைகளில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது. நான் ஜப்பான்காரர்களின் சுகக்கேட்டை நினைத்துக் கவலைப்பட்டேன்.

வாசகசாலைச் செயலாளர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கொள்ளாம், நல்லா இருக்கு. நம்ம வார்ஷிகத்துக்கு இத வாசிக்கணும். ஆளுகளுக்குப் பிடிச்சா ஒரு சின்னப் புத்தகமா அச்சடிக்கவும் செய்யலாம். ஆனா ஒரு காரியம் உண்டு மோளே. மலையாளத்துல மஞ்ஞுண்ணுதானே இருக்கு? நீ பனிண்ணு வச்சா நம்ம ஆளுகளுக்கு ஜுரமாக்கும். உறைபனிண்ணு மாத்திப் போடு."

"வேண்டாம் சாரே."

"வெண்பனி? அதுவும் அழகுதானே."

"பனிண்ணே இருக்கட்டும். வேற வாக்குன்னா நான் வாசிக்கல்ல."

அவ்வளவு கறாராக அத்தை பேசி நான் கேட்டதில்லை. செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். அப்பா பின்னாலேயே போய், "அவளுக்கு இதொண்ணுதான் சாரே இப்ப உள்ளது, விட்டுருங்க," என்று கெஞ்சியது எனக்குக் கேட்டது.

வார்ஷிகம், அதாவது ஆண்டுவிழா, வாசகசாலை முற்றத்தில். பலாமரத்தில் ட்யூப்லைட் கட்டியிருந்தார்கள். பழம்பொரி எண்ணெயில் பொரிகிற வாசனை. கரகரவென்று இரைகிற மைக். இன்றைக்கு நானாக இருந்தால் அந்த மைக்கை வாசல்படிகூட மிதிக்கவிட மாட்டேன். நாடகம் வேறு இருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. அத்தை மலையாளப் பெண்களைப்போலப் பச்சைக்கரை வேட்டியும் மேலே நேரியதும் உடுத்து மேடையேறினாள். பிள்ளை போனபிறகு அவள் கோடி உடுத்தியது அன்றைக்குத்தான். முன்வரிசையில் அப்பா, அம்மா, நடுவே நான்.

கவிஞரின் கதையை நாலு வார்த்தையில் சொன்னாள். கூட்டம் அமைதியாகக் கேட்டது. பிறகு தாளை விரித்தாள்.

"இரவெல்லாம் பனி..."

"எந்நால் ஒரு பாரசிட்டமால் கொடுக்கு!" என்று பின்னாலிருந்து ரேஷன்கடைக்காரர் மலையாளத்தில் சத்தம் போட்டார்.

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ரேஷன்கடைக்காரரும் கெட்ட மனிதர் இல்லை. நாடகத்துக்கு முன்னால் யாராவது ஒரு தமாசு விட்டால் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் காத்திருந்த நேரம், அவ்வளவுதான். என் தொழிலில் இந்த நேரம் எப்போது வரும் என்று எனக்கு இப்போது மூக்கிலேயே தெரியும்.

அத்தை பொறுத்திருந்தாள். அடங்கியதும் மறுபடி தொடங்கி முழுசாகச் சொன்னாள்.

இரவெல்லாம் பனி.
குழந்தையின் மரச்செருப்பு
வாசலில் ஒன்று.
இன்னொன்று
பனியிடம்.

எனக்குத் தாங்கவில்லை. கூரைக்கும் பாலத்துக்கும் வந்ததுபோக, கடைசியில் பிள்ளைக்கே வந்துவிட்டது. ராத்திரி முழுக்க. நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று கேட்டேன்.

"அத்தை, அந்தப் பிள்ளைக்குப் பனி மாறிச்சா?"

முற்றம் வெடித்தது. ரேஷன்கடைக்காரருக்குக் கிடைத்ததைப்போலப் பத்து மடங்கு. தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நாடகக்காரர்கள் பாதி மேக்கப்போடு திரைக்கு வெளியே தலைநீட்டினார்கள். நான் ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அது இன்னும் சிரிப்பாகிவிட்டது.

அத்தை என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. ஏதோ சொல்ல வந்தது நிச்சயம். சிரிப்பு அடங்குகிற வழியாக இல்லை. தாளை இரண்டாக மடித்தாள், மேடையை விட்டு இறங்கினாள், எங்களைத் தாண்டி ரோட்டுக்கு நடந்துவிட்டாள்.

வீட்டில் அப்பா என் காதைப் பிடித்துத் திருகினார்.

"மானத்த வாங்கிட்டியேலே! வெக்கப்பட்டு எறங்கிட்டாளே பாவி!"

"அவன அடிக்காதிய அண்ணா," என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "அவன் கேட்டதுல என்ன குத்தம்?"

அவளுக்குத்தான் எவ்வளவு பெருந்தன்மை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மறுநாள் புத்தகம் வாசகசாலைக்குத் திரும்பிப் போனது. எழுதிய தாள்களை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. அத்தை வீடுவீடாகப் புத்தகம் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பனி என்ற வார்த்தையை நிறுத்திவிட்டாள். எனக்கு மறுபடி உடம்பு கொதித்தபோது, "பிள்ளைக்குச் சூடு உண்டு மைனி," என்றாள். அப்பாவின் ஆர்டர் கடைசியில் அமலுக்கு வந்தது. மறந்துவிட்டாள் என்று அப்பாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதியோடேயே அவர் காலமும் முடிந்தது.

எனக்கு ஊரில் பேர் நிலைத்தது. "எலே, பனி மாறிச்சா?" என்று கேட்காமல் ஒரு கடைக்காரரும் மிட்டாய் தரமாட்டார். முதலில் அழுதேன். அப்புறம் கண்ணை உருட்டி, "நாலு மாசம் கழிச்சு மாறும் சேட்டா," என்று பதில் சொல்லப் பழகினேன். ஆட்கள் இன்னும் சிரித்தார்கள். அப்படியே மைக் வரைக்கும் வந்துவிட்டேன். என் கல்யாணத்தில் பெண்வீட்டார்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் விசாரித்தார்களாம்.

போன மாசம் என் மகள் போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் அந்த ஜப்பான்காரரைப் பற்றிச் சொன்னேன். பேர் எனக்கு மறந்துவிட்டது. ஸ்டேஷன், மகள், அஞ்சு வரி என்று அடையாளம் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது போதும். ஒரு படத்தைக் காட்டினாள். அந்த ஸ்டேஷன் வாசலில் அவருடைய கவிதையை வெட்டி ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கல் பாதிவரைக்கும் வெள்ளையாக மூடிக் கிடக்கிறது. மேல்வரிகள் மட்டும் வெளியே தெரிகின்றன.

அத்தை இப்போது அதியன்னூரில் தனியாக இருக்கிறாள். சின்ன வீடு, வாசலில் செம்பருத்தி. அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பெட்டி இறக்கப் போனவன், வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். சாயா போட்டுத் தந்தாள். கை நடுங்குகிறது, அதனால் தம்ளரில் பாதிதான் ஊற்றுகிறாள். போனை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எம்மா, எம்புட்டு பனி!" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டு எத்தனை காலம். எனக்குள்ளே இருந்த கோமாளி உடனே எழுந்துவிட்டான். சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"அத்தை, அண்ணு மேடையில நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலு சொல்லல்ல, கேட்டியளா."

அத்தை சிரிக்கவில்லை. போனை மேசையில், வெளிச்சம் படுகிற பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"மாறல்ல மக்கா," என்றாள். "மாறியிருந்தா எனக்கு எதுக்குலே ஜப்பான்காரன்?"